தொய்ந்துபோன லெதர் சீட்டைச் சீர்செய்யும் முறை

ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்த பிறகும் தோல் பழைய நிலைக்குத் திரும்பாமல் வரிவரியாக மடிந்து கிடந்தால், பெரும்பாலோர் முதலில் வாங்குவது ஒரு பாட்டில் லெதர் கண்டிஷனரைத்தான். பத்து ஆண்டுகள் ஓடிய ஒரு செடான் காரைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது நானும் அதையே செய்தேன். மூன்று வாரம் விடாமல் தேய்த்ததில் மினுமினுப்பு கூடியதே தவிர, ஒரு சுருக்கம்கூடக் குறையவில்லை. சுருங்கித் தெரிவது தோலாக இருந்தாலும், பல சீட்டுகளில் உண்மையில் தளர்ந்திருப்பது அதற்கு அடியில் உள்ள ஃபோமும், அந்த ஃபோமைத் தாங்கும் கம்பிகளும்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. தலையணை இளைத்துவிட்டால் உறை தொளதொளவென்று ஆகிவிடும். உறையை எத்தனை முறை துவைத்தாலும் தலையணை பருக்காது.

ஆகவே வேலையைத் தொடங்குமுன் தளர்ந்திருப்பது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குக் காரிலேயே ஓர் ஒப்பீட்டு அளவு இருக்கிறது: அதிகம் பயன்படாத பக்கத்து இருக்கை. நேரான ஒரு மரச்சட்டத்தையோ நீண்ட ஸ்கேலையோ, உட்காரும் பகுதியின் இரு பக்கத் திண்டுகளின் மேல் குறுக்காக வைத்து, அதன் அடிவிளிம்பிலிருந்து நடுப்பள்ளம் எத்தனை மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு பக்கத்து இருக்கையிலும் அதே இடத்தில் அளக்க வேண்டும். என் காரில் பக்கத்து இருக்கையின் பள்ளம் 22 மில்லிமீட்டர். ஓட்டுநர் இருக்கையில் 41. இவ்வளவு வேறுபாடு இருந்தால் தோலின் மேல் எதைத் தடவினாலும் பயனில்லை. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, சுருக்கம் மட்டும் தெரிந்தால், தோல்தான் நீண்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்ததாக, சுருக்கத்தின் இருபுறமும் கட்டைவிரல்களை வைத்து மெதுவாக அகட்டிப் பாருங்கள். மடிப்பு முழுதும் மறைந்து, கையை எடுத்ததும் திரும்ப வந்தால் அது வெறும் தளர்ச்சி. அதைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். அகட்டிய பிறகும் மெல்லிய கோடு ஒன்று அங்கேயே நின்றால், தோலின் மேலுள்ள வண்ணப் பூச்சு அந்த இடத்தில் மடிந்து விரிசல் விடத் தொடங்கியிருக்கிறது. இதற்கு நிரப்புதல், வண்ணம் ஏற்றுதல் என்று வேறு வைத்தியம் வேண்டும். தோலை இழுத்துக் கட்டினாலும் அந்தக் கோடு போகாது.

மூன்றாவது சோதனைக்குத் தரையில் குனிய வேண்டும். டார்ச்சை இருக்கையின் அடியில் அடித்து, சட்டத்தின் குறுக்கே ஓடும் வளைவுக் கம்பிகளைப் பாருங்கள். அவற்றில் ஒன்று கொக்கியிலிருந்து கழன்று தொங்குவதும், முனை ஒடிந்து ஃபோமைக் கீழிருந்து அறுத்துக்கொண்டிருப்பதும் அபூர்வமான காட்சிகள் அல்ல. கையை நேரே விட வேண்டாம். ஒடிந்த கம்பியின் முனை பிளேடு போல இருக்கும்.

இன்னொரு ஐயத்தையும் இப்போதே தீர்த்துக்கொள்வது நல்லது. நம் ஊரில் லெதர் சீட் என்று சொல்லி விற்கப்படுவதில் பெரும்பகுதி பி.வி.சி. அல்லது பி.யு. பூசிய துணி, பேச்சுவழக்கில் நாம் ரெக்ஸின் என்று சொல்லும் வகை. விலையுயர்ந்த கார்களில்கூட உடல் படும் நடுப்பகுதி மட்டும் தோலாகவும், பக்கங்களும் பின்புறமும் ரெக்ஸினாகவும் இருப்பது வழக்கம். இருக்கையின் அடிப்புறத்தில் உறையின் ஓரம் தெரியும் இடத்தைப் பார்த்தால், தோலின் உட்புறம் மெல்லிய மயிர் போன்ற நார்களுடன் இருக்கும். ரெக்ஸினின் உட்புறத்தில் நெய்த துணியோ பின்னிய துணியோ தெரியும். ஆனால் அடியில் தெரியும் ஓரம் ரெக்ஸினாக இருந்து, மேலே தோலாக இருக்கவும் கூடும் என்பதால், தையல் எங்கே மாறுகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். கீழே சொல்லப்போகும் வெப்ப முறை ரெக்ஸினில் தோலைவிட எளிதாகக் கெடுதல் செய்யும்: மேற்பரப்பின் அச்சு வேலைப்பாடு கரைந்து அந்த இடம் மட்டும் பளபளவென்று நிற்கும்.

விட்டுவிட வேண்டிய சுருக்கங்களும் உண்டு. தோல் ஓர் உயிரினத்தின் மேனியாக இருந்த பொருள். மடங்கும் இடத்தில் அது மடங்கத்தான் செய்யும். உட்காரும் பகுதியில் நான்கைந்து மெல்லிய வரிகள், முதுகுச் சாய்வு தொடங்கும் இடத்தில் ஒரு மடிப்பு, ஏறி இறங்கும் பக்கத்துத் திண்டில் சிறு சுருக்கம் ஆகியவை இரண்டு ஆண்டு ஓடிய நல்ல காரிலும் இருக்கும். அவற்றை நீக்கியே தீர்வது என்று கிளம்புபவர்கள்தான் கடும் சூட்டுக் காற்றை ஊதும் ஹீட் கன்னால் சீட்டைப் பொசுக்கிவிட்டு வருகிறார்கள்.

ஈரமும் வெப்பமும்

தோல் மட்டுமே தளர்ந்திருக்கிறது என்று உறுதியானால் ஈரத்தையும் மிதமான வெப்பத்தையும் முயன்று பார்க்கலாம். இது ஏன் வேலை செய்கிறது என்பதை ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் ஷாப்புகளில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், நடக்கும் ஒரு வேலையை நினைத்தால் எளிதில் விளங்கும். அங்கே ஈரத் தோலைச் சட்டத்தில் கிளிப்புகளால் இழுத்துப் பிடித்து உலர்த்துவார்கள். இழுபட்ட நிலையிலேயே நார்கள் உலர்வதால் தோல் அகலமாகவே நின்றுவிடும். அதே தோலை இழுக்காமல் உலரவிட்டால் சற்றுச் சுருங்கும். நாம் செய்யப்போவது அந்தச் சட்டத்து வேலைக்கு நேர் எதிரானது: தோலுக்குச் சிறிது ஈரமும் சூடும் கொடுத்து, இழுக்காமல் உலரவிட்டு, தானாகச் சுருங்கச் செய்வது. எனவே உலரும்போது கையால் இழுத்துப் பிடிக்கக் கூடாது. உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நீவிவிட்டால் போதும்.

முதலில் அழுக்கை எடுக்க வேண்டும். வியர்வையும் எண்ணெய்ப் பசையும் மடிப்புகளுக்குள் படிந்திருக்கையில் சூடேற்றினால் அவை அங்கேயே ஊறிவிடும். தோல் சற்று அமிலத் தன்மை உள்ள பொருள் என்பதால், சலவை சோடாவும் காரமான துணி சோப்பும் அதற்கு ஆகாது. தோலுக்கென்று விற்கப்படும் மென்மையான கிளீனரை மெல்லிய பிரஷ்ஷில் நுரைக்கவைத்துத் தேய்த்து, ஈர மைக்ரோஃபைபர் துணியால் இரண்டு முறை துடைத்துவிட்டு, நிழலில் ஒரு மணி நேரம் காயவிடுங்கள்.

பிறகு, கண்ணில் படாத ஓர் இடத்தில், உதாரணமாக இருக்கையின் பின்கீழ் மூலையில், சோதித்துப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியைத் தோலின் மேல் ஐந்து நிமிடம் போர்த்தி எடுங்கள். அதன் பின் சாதாரண ஹேர் டிரையரை நடுத்தர வெப்பத்தில் வைத்து, ஒரு சாண் தூரத்திலிருந்து, கோலமிடும் கை போல ஓரிடத்தில் நிற்காமல் நகர்த்திக்கொண்டே காட்ட வேண்டும். அவ்வப்போது புறங்கையைத் தோலின் மேல் வைத்துப் பாருங்கள்; ஐந்து விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். ஓர் உள்ளங்கை அகலப் பகுதியை இரண்டு மூன்று நிமிடங்களில் முடித்துவிட்டு அடுத்த பகுதிக்குச் செல்லலாம். எல்லாம் முடிந்த பிறகு ஓர் இரவு முழுவதும் யாரும் அதில் உட்காரக் கூடாது. சூடாகவும் ஈரமாகவும் இருக்கும் தோலில் உட்கார்ந்தால், சட்டத்தில் கிளிப் போட்டு இழுத்த கதைதான்.

ஹீட் கன்னை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது சில நூறு டிகிரி காற்றை ஊதும் கருவி. குரோம் கொண்டு பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ் வரை நார் சுருளாமல் தாங்கும்; குரோம் இல்லாமல் பதனிட்டவை 70, 80 டிகிரியிலேயே சுருண்டு அட்டை போல விறைத்துவிடும். உங்கள் சீட்டில் இருப்பது எந்த வகை என்பதைத் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு முறை விறைத்த தோலை எந்தக் களிம்பாலும் மீட்க முடியாது. துணிக்கு ஆவி காட்டும் ஸ்டீமரிலும் இதே ஆபத்து இருக்கிறது. பயன்படுத்தியே ஆக வேண்டுமானால் இடையில் தடித்த துண்டு ஒன்றை விரித்து, முனையைத் தொலைவில் வைத்துக் காட்ட வேண்டும். காற்று வரும் துளையிட்ட சீட்டுகளிலும், சூடாகும் சீட்டுகளிலும் மேலிருந்து ஈரம் காட்டவே வேண்டாம். துளை வழியாக நீர் உள்ளே இறங்கி ஃபோமில் தங்கிவிடும், மின்கம்பிகளும் அங்கேதான் இருக்கின்றன.

இந்த முறையின் பலன் மிதமானதுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்றைய கார்த் தோலின் மேல் பிளாஸ்டிக் போன்ற பூச்சு இருப்பதால், மேலிருந்து கொடுக்கும் ஈரத்தில் சிறு பங்கே நாருக்குச் சென்று சேர்கிறது. பாதிச் சுருக்கம் குறைந்தால் மகிழ்ச்சியடையுங்கள். இரண்டாம் முறை செய்யலாம். மூன்றாம் முறை வேண்டாம்.

கண்டிஷனருக்கும் இது பொருந்தும். அது தோலைக் காய்ந்துபோகாமல் வைக்க ஓரளவு உதவும், தொய்வை எடுக்காது. தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லாத உறவினர் எவருக்கும் வாய்த்திருக்க மாட்டார். பூச்சு தேய்ந்த இடங்களில் எண்ணெய் உள்ளே இறங்கி நாரை இன்னும் வழுக்கலாக்கும், நிறத்தைக் கறுக்கச் செய்யும், சில மாதங்களில் சிக்கு வாடையும் வரும். ஏற்கனவே நீண்டுவிட்ட தோலை மேலும் நெகிழ்த்துவது தொய்வைக் கூட்டத்தான் செய்யும்.

ஃபோமைக் கீழிருந்து உயர்த்துதல்

பள்ளம் ஆழமாக இருந்தால் இருக்கையைக் கழற்ற வேண்டியிருக்கும். கேட்பதற்குப் பெரிய வேலையாகத் தோன்றினாலும் பல கார்களில் நான்கு போல்ட்டுகளே அதைத் தரையோடு பிடித்திருக்கின்றன. ஆனால் ஓர் எச்சரிக்கையை முதலில் சொல்ல வேண்டும். முதுகுச் சாய்வின் வெளிப்புறத் திண்டில் ஏர்பேக் என்று பொறித்த சிறு பட்டை தைக்கப்பட்டிருந்தால், உள்ளே வெடிப்பு விசையில் விரியும் பை இருக்கிறது. அத்தகைய காரில் பேட்டரியைத் துண்டிக்காமல் சீட்டுக்கு அடியிலுள்ள மஞ்சள் நிற இணைப்பைத் தொடக் கூடாது. அந்த வேலையில் பழக்கம் இல்லாதவர்கள், கழற்றிக் கொடுப்பதை மட்டுமாவது மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வரிசை முக்கியம். மின்சாரத்தால் நகரும் சீட்டாக இருந்தால், பேட்டரியைத் துண்டிக்கும் முன்பே சீட்டைப் பின்னால் தள்ளி முன் போல்ட்டுகளையும், முன்னால் தள்ளிப் பின் போல்ட்டுகளையும் தளர்த்திவிட்டு, கடைசியில் நடுவில் கொண்டுவந்து நிறுத்துங்கள். இதை மறந்து பேட்டரியைக் கழற்றிய பிறகு, எட்டாத போல்ட்டை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். பிறகு சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, குறைந்தது பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். இருக்கையைப் பின்னால் சாய்த்து அடியில் உள்ள இணைப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். கதவின் அடிச்சட்டத்தில் பழைய போர்வை ஒன்றைப் போட்டுவைத்தால் பெயிண்ட் தப்பும். சீட் வெளியே இருக்கும் வரை பேட்டரியைத் திரும்ப இணைக்கவோ சாவியைத் திருப்பவோ வேண்டாம். டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கிவிட்டால் அதை அணைக்க, காரின் கோளாறுப் பதிவைப் படித்து அழிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போக வேண்டியிருக்கும்.

இருக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்ததும் என் கண்ணில் முதலில் பட்டது மஞ்சள் நிறத் தூள்தான். ரவை போல உதிர்ந்து சட்டத்தின் மூலைகளில் குவிந்திருந்தது. பத்து ஆண்டுகளாகக் கம்பி ஃபோமை உரசி உரசிக் கடித்த மிச்சம் அது. கம்பி போன தடம் விரல் நுழையும் அளவு பள்ளமாக இருந்தது. ஒரு கம்பி கொக்கியிலிருந்து விலகிச் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. மேலே நான் மூன்று வாரம் களிம்பு தேய்த்த சுருக்கம் சரியாக அந்தக் கம்பிக்கு நேர் மேலே இருந்தது.

தோல் உறையைப் பிரிக்காமலே இந்த நிலையில் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. செலவும் குறைவு, பலனும் அதிகம் என்பதால் எல்லோருக்கும் இதையே முதலில் சொல்வேன். கழன்ற கம்பியைக் குறடால் இழுத்துக் கொக்கியில் மாட்டுங்கள்; ஒடிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பிறகு கம்பிகளுக்கும் ஃபோமுக்கும் இடையில் தடித்த ஃபெல்ட் துணி ஒன்றை உட்காரும் பகுதியின் அளவுக்கு வெட்டிச் செருகி, அதன் மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் கனமுள்ள கெட்டியான ஃபோம் தகட்டை வைக்க வேண்டும். ஃபெல்ட் கம்பியின் கடியைத் தாங்கும். ஃபோம் தகடு மொத்தத்தையும் மேலே தூக்கும். சோபாக் கடைகளில் டென்சிட்டி எண்ணைச் சொல்லி ஃபோம் விற்பார்கள். 40-க்குக் குறைந்ததை வாங்க வேண்டாம், தூள் ஃபோமை அழுத்திச் செய்த ரீபாண்டட் வகை இன்னும் கெட்டியாக நிற்கும். தகட்டின் ஓரங்களைச் சரிவாகச் சீவிவிடுங்கள். செங்குத்தாக விட்டால் தொடைக்கு அடியில் படிக்கட்டு போல உணர்வீர்கள். அடியிலிருந்து ஃபோம் உயர்ந்ததும், மேலே தோல் தானாக இழுபட்டுச் சுருக்கத்தில் பெரும்பகுதி மறைவதைக் கண்ணால் பார்க்கலாம்.

இரண்டு இடங்களில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. சில கார்களின் முன் பயணி இருக்கையில், ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று எடையை உணரும் பட்டை இருக்கும். அதன் கீழ் எதையாவது செருகினால் கணக்கு தவறி, விபத்தில் ஏர்பேக் நடந்துகொள்ளும் விதமே மாறக்கூடும். காற்று ஊதும் சீட்டுகளில் விசிறியும் குழாயும் அடியில்தான் இருக்கின்றன. அவற்றை அடைத்துவிட வேண்டாம்.

உறையைப் பிரிக்க வேண்டியிருந்தால்

பக்கத் திண்டு நொறுங்கிப்போயிருந்தால் அடியிலிருந்து தூக்குவது போதாது. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்புறமாக ஏறி இறங்குவதால், வலப்பக்கத் திண்டுதான் எப்போதும் முதலில் சாகிறது. அதைச் சீராக்க உறையைப் பின்னுக்குச் சுருட்ட வேண்டும். உறையின் ஓரங்கள் அடியில் பிளாஸ்டிக் கொக்கிப் பட்டைகளால் சட்டத்தில் மாட்டப்பட்டிருக்கும். தையல் பள்ளங்களோ, ஃபோமுக்குள் புதைந்த கம்பியோடு சிறு உலோக வளையங்களால் பிணைக்கப்பட்டிருக்கும். வளையங்களைக் கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்து, இருந்த இடங்களைப் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது ஒரு வளையம் இடம் மாறினாலும் தையல் கோணலாக ஓடும்.

நொறுங்கிய ஃபோமை உறுதியான பகுதி வரை நேராக வெட்டி எடுத்து, அதே அளவில் புதுத் துண்டைப் பசையால் ஒட்டி, கத்தியால் சீவி, மணல்தாளால் வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். மொத்த ஃபோமின் மேலும் விரல் கனத்துக்குக் குறைவான பாலியஸ்டர் பஞ்சை ஒரே சீராக விரித்து ஒட்டினால் தோலின் சிறு தளர்ச்சிகளை அது நிரப்பிவிடும். உறையைக் கழற்றியிருக்கும் இந்த நேரத்தில், பூச்சு இல்லாத உட்புறத்திலிருந்து தோலுக்கு லேசாக ஆவி காட்டுங்கள். மேலிருந்து காட்டியதைவிடப் பல மடங்கு நன்றாகத் தோல் இங்கே ஈரத்தை ஏற்கும். திரும்ப மாட்டும்போது ஃபோமின் மேல் மெல்லிய பாலிதீன் தாளை விரித்தால் உறை வழுக்கிக்கொண்டு ஏறும்; சரியாக உட்கார்ந்த பின் தாளை உருவிவிடலாம்.

முதுகுச் சாய்வின் ஏர்பேக் பக்கத்துத் தையலை மட்டும் யாரும் பிரித்துத் தைக்கக் கூடாது. குறித்த விசையில் கிழிவதற்கென்றே தேர்ந்த நூலால் தைக்கப்பட்ட தையல் அது. சாதாரண நைலான் நூலால் இறுக்கித் தைத்தால் பை வெளியே வராது. ஏர்பேக் உள்ள சீட்டின் மேல் வழிவிடாத உறையைப் போடுவதும் இதே தவறுதான்.

கடையில் கொடுப்பதென்றால், சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் சீட் கவர்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மற்ற ஊர்களில் குஷன் வேலை செய்பவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். எங்கே போனாலும் முதல் பதில் பெரும்பாலும், “புதுக் கவர் போட்டுடலாம் சார்” என்பதாகத்தான் இருக்கும். நான் முதலில் போன ஒரு கடையில் தளர்ந்த தோலின் மேலேயே ரெக்ஸின் கவரை இழுத்துக் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அதுவும் அதே பள்ளத்தில் விழுந்தது. உறை அப்படியே இருக்கட்டும், ஃபோமை மட்டும் கட்டிக் கொடுங்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். எந்த ஃபோமை வைக்கப்போகிறார்கள் என்று துண்டைக் கையில் வாங்கி அழுத்திப் பார்ப்பதும், பிரித்த நிலையில் ஒரு முறை நேரில் போய்ப் பார்ப்பதும் உங்கள் உரிமை.

சீட்டைத் திரும்பப் பொருத்தும்போது பல கார்களில் சீட் பெல்ட்டின் பூட்டு அந்தச் சட்டத்தோடுதான் இணைந்திருக்கிறது என்பதை நினைவில் வைத்து, நான்கு போல்ட்டுகளையும் கையால் பிடித்தமட்டும் ஏற்றிவிட்டு, பிறகு இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், காருக்குரிய கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். எல்லா இணைப்புகளையும் செருகிய பின்னரே பேட்டரியை இணைக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் வண்டியை எடுக்காமல் இணைப்புகளைப் பாருங்கள்.

இனி ஏறும்போது முதலில் பின்புறத்தை இருக்கையின் நடுவில் வைத்து, அதன் பின் கால்களை உள்ளே திருப்பிக்கொள்வது திண்டுக்கு நல்லது. பின் பாக்கெட்டில் தடித்த பர்ஸோ சாவிக்கொத்தோ இருக்க வேண்டாம். வெயிலில் நிறுத்தினால் கண்ணாடிக்குத் திரை போடுங்கள். சூடேறிய தோல் இளகியிருப்பதால், வண்டியில் ஏறியதும் உடலை நெளிக்கும் ஒவ்வொரு நெளிப்பும் அதைச் சற்று இழுக்கிறது.

என் இருக்கையில் ஃபெல்ட்டும் ஃபோம் தகடும் வைத்த அன்று பள்ளம் 26 மில்லிமீட்டராக இருந்தது. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்த பிறகு, அதே மரச்சட்டத்தை வைத்து அளந்ததில் 28. முன்விளிம்பில் இரண்டு வரிகள் இன்னும் இருக்கின்றன. கட்டைவிரல்களால் அகட்டினால் மறைந்து, விட்டால் திரும்ப வருகின்றன. அவற்றை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.